மழைக்குப் பயந்து உரத்தைக் கண்ணாடியாக்கியவர்

வீட்டு முன்புறத்திலோ பள்ளி மைதானத்திலோ புல்தரை வளர்ப்பவரா நீங்கள்? அப்படியானால் நர்சரியிலோ உரக்கடையிலோ மெதுவாகக் கரையும் உரம் என்று எழுதிய பையைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண யூரியாவைவிடப் பல மடங்கு விலை. ஒருமுறை தூவினால் மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை என்பார் கடைக்காரர். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன், 180 ஆண்டுகளுக்கு முன் இதே யோசனையோடு உரம் தயாரித்து, அதைக் கடைக்கும் கொண்டுவந்து, விவசாயிகள் முன்னால் மானம் போனவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர் சாதாரண ஆளில்லை. பயிருக்கு மண்ணிலிருந்து தாது உப்புகள் வேண்டும் என்பதை உலகம் ஏற்கும்படி செய்தவர். யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானியர். பள்ளிப் பாடத்தில் குறைந்தபட்ச விதி என்று படித்திருந்தால், அவர் பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

லீபிக் 1803 மே 12 அன்று டார்ம்ஸ்டாட் நகரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு வண்ணப்பொடி, வார்னிஷ், இரும்புச் சாமான் விற்கும் கடை. சில சரக்குகளை அவரே வீட்டின் பின்கட்டில் காய்ச்சித் தயாரிப்பார். பையனுக்கு அடுப்பும் குடுவையும் அங்கேயே பழகிவிட்டன. பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் ஏறவில்லை. என்னவாகப் போகிறாய் என்று ஆசிரியர் கேட்டபோது வேதியியலர் ஆவேன் என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். இதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு தொழிலே கிடையாது என்பதால் சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

பக்கத்து ஊரான ஹெப்பன்ஹைமில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். சில மாதங்களிலேயே வீடு திரும்பினார். சந்தைக்கு வந்த வித்தைக்காரரிடம் வெடி உப்பு செய்யக் கற்றவர் அதை மாடி அறையில் சோதித்துக் கூரையைப் பெயர்த்துவிட்டார் என்பது ஊர்க் கதை. அப்பாவால் பயிற்சிக் கட்டணம் செலுத்த முடியவில்லை என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

அவருக்குப் பதின்மூன்று வயது நடந்த 1816-ஐ ஐரோப்பாவில் கோடை வராத ஆண்டு என்று சொல்வார்கள். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து எழுந்த தூசி வானத்தை மறைத்தது. ஓயாத மழையில் பயிர் வயலிலேயே அழுகியது. ஜெர்மனியில் ரொட்டி விலை எட்டாத உயரத்துக்குப் போய், ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். லீபிக் வளர்ந்தது அந்தப் பஞ்சத்தின் நடுவில். வேதியியலைக் கொண்டு வயலின் விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு அந்த நாட்கள்தான் விதை என்று கருதுபவர்கள் பலர்.

பான், எர்லாங்கன் பல்கலைக்கழகங்களில் படித்தார். மாணவர் கலாட்டாவில் சிக்கி ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. நல்லவேளையாக ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பண உதவி செய்ய, பாரிஸுக்குப் போய் கே-லூசாக்கிடம் பணியாற்றினார். பெரிய அறிஞரான அலெக்சாண்டர் ஹும்போல்ட் பரிந்துரைத்ததால் 1824-இல், 21 வயதில், கீசென் என்ற சின்ன ஊரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஆய்வுக்கூடம் என்று கொடுத்தது, காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பின் காவலர் அறை. அங்கே மாணவர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல் தாங்களே கையால் சோதனை செய்து கற்றார்கள். இன்றைக்கு எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் வேதியியல் ஆய்வக வகுப்பு அந்த முறையைப் பின்பற்றி வந்ததுதான். ஒரு பொருளில் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளக்க 1831-இல் ஐந்து குமிழ் கொண்ட கண்ணாடிக் கருவி ஒன்றையும் அமைத்தார். இங்கிலாந்திலிருந்தெல்லாம் மாணவர்கள் கீசெனுக்கு வண்டி ஏறினார்கள்.

அந்த இங்கிலாந்துத் தொடர்பால்தான் அவர் விவசாயத்துக்குள் இறங்கினார். பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் கேட்டுக்கொண்டதற்காக எழுதத் தொடங்கி, 1840-இல் விவசாயத்துக்கு வேதியியலைப் பொருத்திக் காட்டும் நூலை வெளியிட்டார். அதுவரை பயிர் தின்பது மட்கைத்தான் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். இல்லை, பயிருக்கு வேண்டிய கரி காற்றிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து வேர் எடுப்பது பொட்டாஷ், சுண்ணாம்பு, மணிச்சத்து போன்ற தாதுக்கள். ஒவ்வொரு அறுவடையும் அவற்றை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. திருப்பிப் போடாவிட்டால் மண் ஓட்டாண்டியாகும் என்று அவர் வாதிட்டார். எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலுக்கு எல்லை கட்டும் என்ற விதியையும் அவர் ஊரறியச் செய்தார். கார்ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் சில ஆண்டு முன்பே இதைச் சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். சொன்னவர் ஒருவர், பேர் வாங்கியவர் இன்னொருவர்.

கரையக் கூடாத உரம்

புத்தகம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. பயிரை எரித்துச் சாம்பலை ஆராய்ந்து, அதில் என்னென்ன இருக்கிறதோ அதே அளவில் தாதுக்களைக் கலந்து உரம் தயாரித்தால், தொழு உரம் இல்லாமலே விளைச்சல் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார். கோதுமைக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று, தீவனப் பயிருக்கு ஒன்று என்று தனித்தனிக் கலவைகள். லிவர்பூல் பக்கம் ரசாயனத் தொழிற்சாலை நடத்திய நண்பர் ஜேம்ஸ் மஸ்பிராட் தயாரிக்க முன்வந்தார். 1845-இல் காப்புரிமையோடு சரக்கு சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் லீபிக்குக் கோமகன் பட்டமும் கிடைத்தது. அவர் புகழ் உச்சியில் இருந்தது.

உரம் தோற்றது. கோதுமை வயலில் அதைப் போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய விவசாயிகள் கொதித்தார்கள். பேராசிரியரின் பெயரை நம்பித்தானே வாங்கினார்கள்!

இங்கேதான் உங்கள் புல்தரைக்கான விஷயம் இருக்கிறது. பொட்டாஷ் உப்பு தண்ணீரில் உடனே கரையும். வயலில் போட்டால் முதல் மழைக்கே கரைந்து, வேருக்குக் கீழே இறங்கி, விவசாயியின் பணம் ஓடையில் போய்விடுமே என்று லீபிக் பயந்தார். அதனால் பொட்டாஷையும் சோடாவையும் சுண்ணாம்பு, பாஸ்பேட்டோடு சேர்த்து உலையில் உருக்கினார். ஆறியதும் கண்ணாடிபோல் கெட்டியான கட்டி கிடைத்தது. அதைப் பொடியாக்கிப் பையில் அடைத்தார்கள். மழை பெய்தாலும் எளிதில் கரையாது. வேர் தனக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும் என்பது அவர் நினைப்பு. இன்றைய மெதுவாகக் கரையும் உரத்தின் நோக்கமும் அச்சாக இதுவேதான்.

ஆனால் அந்த ஆண்டுப் பயிருக்குத் தேவைப்பட்ட வேகத்தில் கண்ணாடி எதையும் விடவில்லை. பசித்தவன் கண்முன் சோற்றுப் பானை இருக்கிறது, மூடி திறக்கவில்லை.

இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. தழைச்சத்துக்கு மழையோடு காற்றிலிருந்து வரும் அம்மோனியா போதும், அதைத் தனியாகப் பெரிதாகக் கொடுக்கத் தேவையில்லை என்று அவர் எண்ணியிருந்தார். லண்டனுக்கு வடக்கே ராத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் பண்ணை வைத்திருந்த ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் இருவரும் 1843 முதல் கோதுமை வயலில் பாத்தி பிரித்துச் சோதனை நடத்தி வந்தார்கள். தாது உப்பு மட்டும் போட்ட பாத்தியில் விளைச்சல் கொஞ்சம்தான் கூடியது. அம்மோனியம் உப்பும் சேர்த்த பாத்தியில் எகிறியது. வேடிக்கை என்னவென்றால், கில்பர்ட் கீசெனில் லீபிக்கிடமே பட்டம் பெற்ற மாணவர். குருவுக்கும் சிஷ்யனுக்கும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. லீபிக் எழுதிய பதில்களில் கோபம்தான் அதிகம் இருந்தது.

அதைவிட வேடிக்கை, லாஸ் 1842-இல் காப்புரிமை எடுத்து விற்றுவந்த சூப்பர் பாஸ்பேட். எலும்பையும் பாஸ்பேட் கல்லையும் கந்தக அமிலத்தில் கரைத்து, வேருக்கு எளிதில் கிடைக்கும்படி செய்த உரம் அது. எலும்பை அமிலத்தில் கரைத்துப் போடலாம் என்று 1840 நூலிலேயே யோசனை சொன்னவர் லீபிக். ஒரு கையால் கரையாததைக் கரையச் சொன்னவர், மறு கையால் கரைவதைக் கரையாமல் செய்தார்.

மண் பிடித்து வைக்கிறது

தன் உரம் ஏன் தோற்றது என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கீசெனுக்கு வெளியே ஒன்றுக்கும் உதவாத மணல் மேட்டுப் பூமி ஒன்றை வாங்கி, அதில் தன் உரத்தைப் போட்டுப் பல ஆண்டுகள் பயிர் வைத்துப் பார்த்தார். தொடக்கத்தில் விளைச்சல் மோசம். ஆண்டுகள் கழிந்த பிறகுதான் பயிர் தேறியது. சரக்கில் சத்து இருக்கிறது, ஆனால் மெள்ள மெள்ளத்தான் வேலை செய்கிறது என்று புரிந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை.

விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. யார்க்‌ஷயரில் நிலம் வைத்திருந்த ஹாரி தாம்சன், மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை மேலிருந்து ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியா இல்லை. அதை மண் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சுண்ணாம்பை வெளியே விட்டிருந்தது. அரச விவசாயச் சங்கத்தின் வேதியியலர் ஜான் தாமஸ் வே அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். பொட்டாஷையும் மண் அப்படியே பிடித்து வைக்கிறது. நைட்ரேட்டை மட்டும் பிடிப்பதில்லை, அது தண்ணீரோடு போய்விடுகிறது. முதலில் லீபிக் இதை ஏற்கவில்லை. பிறகு தானே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

1862-இல் வந்த தன் நூலின் ஏழாம் பதிப்பில், இத்தனை ஆண்டுகள் தான் கட்டிக்காத்த தவறை அவர் வெளிப்படையாக எழுதினார். மழையில் சத்து ஓடாதபடி மண்ணிலேயே ஒரு ஏற்பாடு இருக்க, அதை அறியாமல் படைப்பில் ஓட்டை இருப்பதாக நினைத்து அடைக்கப் போனேன், அதற்கான தண்டனையையும் பெற்றேன் என்ற பொருளில் அந்த ஒப்புதல் அமைந்திருந்தது. அறுபதை நெருங்கும் வயதில், உலகப் புகழோடு இருந்த ஒருவர் இப்படி எழுதியதை நான் அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு இணையாகவே மதிக்கிறேன். தழைச்சத்து விஷயத்தில் மட்டும் லாஸிடம் கடைசிவரை முழுதாக இறங்கி வரவில்லை. மனிதர்தானே.

இப்போது உங்கள் கையிலிருக்கும் பைக்கு வருவோம். லீபிக் காப்பாற்ற நினைத்தது பொட்டாஷை. அதற்குக் காவல் தேவைப்படவில்லை. கொஞ்சம் களி கலந்த மண்ணாக இருந்தால் மண்ணே காக்கும். காவல் தேவைப்படுவது தழைச்சத்துக்கு. யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறும்வரை நல்லது. அடுத்து நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கியதும் ஓட ஆரம்பிக்கும். அதனால் இன்றைய மெதுவாகக் கரையும் புல்தரை உரங்கள் தழைச்சத்தைத்தான் அடக்கி வைக்கின்றன. யூரியாவை ஃபார்மால்டிஹைடோடு சேர்த்து 1950-களில் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தார்கள். அதை நுண்ணுயிர்தான் உடைக்க வேண்டும். கந்தகம் பூசிய யூரியா 1960-களில் வந்தது. பூச்சில் இருக்கும் விரிசல் வழியே நீர் புகும். பிசின் பூசிய குருணைகளில் சூடு ஏற ஏறச் சத்து வேகமாகக் கசியும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். பையில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று அச்சிடுவது பெரும்பாலும் 21 அல்லது 25 டிகிரி சூட்டை வைத்து. சித்திரை வெயிலில் நம் மண் அதைவிட எவ்வளவோ சுடும். அங்கே மூன்று மாதம் என்றால் இங்கே அதற்கு முன்பே தீர்ந்துவிடும். குளிர்நாட்டுப் பனிக்காலத்திலோ ஃபார்மால்டிஹைட் வகை உறங்கிவிடும். லீபிக்கின் கண்ணாடி மாதிரி, சத்து இருக்கும், புல் மஞ்சளாக நிற்கும்.

இன்னொரு குழப்பமும் பலருக்கு இருக்கிறது. 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேம்பு பூசியதுதான். அது மெதுவாகக் கரையும் உரம் என்று நினைத்து மொத்தமாகக் கொட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் சாதாரண யூரியாபோலவேதான் கரையும். வேம்பு செய்வது, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரின் வேகத்தைக் குறைப்பது மட்டுமே. அதிகம் போட்டால் புல் கருகத்தான் செய்யும். ஒரு சென்ட் புல்தரைக்கு ஒரு தடவையில் 200 கிராம் தழைச்சத்து, அதாவது 430 கிராம் யூரியா அளவைத் தாண்ட வேண்டாம். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள்.

உங்கள் மண் களிப்பாங்கானது, மாதம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உரமிட ஆள் இருக்கிறது என்றால், விலை உயர்ந்த பைக்குச் செலவழிப்பது வீண் என்பேன். கடலோர மணல், தினமும் தண்ணீர் பாய்ச்சும் விளையாட்டு மைதானம், அடிக்கடி உரமிட ஆளில்லாத இடம் ஆகியவற்றுக்கு அது பலன் தரும். வாங்கும்போது மொத்தத் தழைச்சத்தில் எத்தனை சதவீதம் மெதுவாக விடும் வகை என்று பையில் பாருங்கள். சில பைகளில் கால்வாசிதான் அப்படி. மீதி சாதாரண யூரியா. பூச்சு உள்ள குருணையைத் தூவிய கையோடு புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் உருளையும் கத்தியும் பூச்சை உடைத்துவிடும். கொடுத்த விலை அந்த நிமிடமே போச்சு. வெட்டிய புல்லை அப்படியே தரையில் விட்டால் அதிலுள்ள தழைச்சத்து மெதுவாகத் திரும்ப வரும். இதற்குக் காசு கிடையாது.

புல்லுக்கும் லாஸ், கில்பர்ட் சோதனை வைத்தார்கள். ராத்தம்ஸ்டெட் மாளிகை முன்னால் இருந்த பழைய புல்வெளியில் 1856-இல் பாத்தி பிரித்தது இன்றும் நடக்கிறது. உரமே போடாத பாத்தியில் பலவகைப் புல்லும் பூச்செடியும் கலந்து நிற்கின்றன. சுண்ணாம்பு போடாமல் ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் மட்டும் மிகுதியாகக் கொடுத்த பாத்தியில் மண் புளித்து, இரண்டு மூன்று வகைப் புல் மட்டுமே மிஞ்சி, செத்த புல் மட்காமல் மெத்தைபோல் கிடக்கிறது. தழைச்சத்தை மெதுவாகக் கொடுத்தாலும் வேகமாகக் கொடுத்தாலும், வருடக்கணக்கில் கொடுப்பவர்கள் மண்ணின் கார அமில நிலையை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லீபிக் 1852-இலேயே கீசெனை விட்டு மியூனிக்குக்குப் போய்விட்டார். அங்கே இருந்தபடி மாட்டிறைச்சிச் சாறு தயாரிக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்தார். உருகுவேயில் அதற்கென்று பெரிய ஆலையே எழுந்தது. லண்டன் நகரக் கழிவு தேம்ஸ் ஆற்றில் போவதைக் கண்டு, வயலுக்குப் போக வேண்டிய மணிச்சத்தும் பொட்டாஷும் கடலுக்குப் போகிறதே என்று ஓயாமல் எழுதினார். 1873 ஏப்ரல் 18 அன்று மியூனிக்கில் காலமானார். கீசென் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் கண்ணாடி உரத்தைப் போட்டுப் பார்த்த அந்த மணல் மேட்டுக்கு லீபிக் மேடு என்று பெயர்.